பள்ளக்கொல்லைக்கு எழுதிய மறுப்புரை

கார்த்திகை மழையின் மூன்றாம் நாள் காலையில், லூர்துமேரி தம் கடையின் கல்லாமேசைமீது கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். மேசையின் கால்கள் நீருக்குள் இருந்தன. அரிசி மூட்டைகளின் அடிப்பகுதி ஊறி உப்பிப் போயிருந்தது. துணிச்சோப்புக் கட்டிகள் கரைந்து, வாசலில் நின்ற வெள்ளம் நுரைத்துக்கொண்டிருந்தது. ஒரு தெரு முழுவதும் சேறும் சோப்பும் சேர்ந்து மணப்பதை அன்றுதான் முகர்ந்தேன்.

எங்கள் வீடு அதே தெருவின் மேட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே படி நனைந்ததோடு சரி. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தவன், அவர் கடைக்கு எதிரே முழங்கால் அளவு நீரில் நின்றேன். நகராட்சி ஊழியர்கள் இருவரும் தெருக்காரர்கள் சிலரும் நின்றிருந்தனர். என்னைக் கண்டதும் லூர்துமேரியின் குரல் உயர்ந்தது.

"நான் எழுதிக் குடுத்தேன்யா! தண்ணி வரும்னு இந்தத் தெருவுலயே எழுதிக் குடுத்தவ நான் ஒருத்திதான். தோ, ஐயா நிக்கறாரு பாரு, அவரு கையிலதான் குடுத்தேன். விழுப்புரத்துல அந்த ஆபீசரம்மா படிச்சிட்டுத் தூக்கிப் போட்டுச்சி. பொய்யின்னா ஐயாவயே கேளு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை அசைத்தேன், ஆமென்று.

இவ்வாரம் எழுதப்போவது அந்தத் தலையசைப்பைப் பற்றித்தான். சென்ற சில வாரங்களாக இத்தொடரில் என் மாணவப் பருவத்தின் இனிய நினைவுகளை வாசித்து மகிழ்ந்ததாக அன்பர்கள் எழுதியிருந்தார்கள். இந்த வாரம் அந்த மகிழ்ச்சிக்கு இடமில்லை.

தாழ்ந்த நிலம்

திண்டிவனத்தில் எங்கள் தெரு, மயிலம் போகும் சாலையில் சென்று முட்டுகிறது. சாலைக்கு அப்பால் இருந்த தாழ்ந்த நிலத்தை ஊரார் பள்ளக்கொல்லை என்பார்கள். ஒரு போகம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார்கள். மழைக்காலத்தில் எதுவும் போடமாட்டார்கள். போட்டால் அழுகிவிடும்.

மழை பெய்தால் எங்கள் தெருவின் நீரும் பக்கத்து இரண்டு தெருக்களின் நீரும் சாலைக்கு அடியில் உள்ள சிறு பாலத்தின் வழியே போய் அந்நிலத்தில் பரவும். இரண்டு மூன்று நாள் நின்றுவிட்டு, வாய்க்கால் பிடித்து ஏரிக்குப் போய்ச் சேரும். அதற்கென்று எவரும் எந்த ஏற்பாடும் செய்ததில்லை. செய்ய வேண்டியிருந்ததும் இல்லை.

நிலத்துக்கு உரியவர்கள் சென்னைக்குக் குடியேறி நெடுங்காலம் ஆயிற்று. அவர்கள் அதை ஒரு பெரிய கடை நிறுவனத்துக்கு விற்கப்போவதாகச் செய்தி வந்தது. பிறகு ஒரு நாள் நாளிதழில், நகைக்கடை விளம்பரத்துக்கும் காணாமற்போனவர் அறிவிப்புக்கும் இடையில், பொடி எழுத்தில் ஓர் அறிவிக்கை வந்தது.

அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர் ஏகாம்பரம். மொத்த மளிகை வணிகர். ஊர் வணிகர் சங்கத்தின் தலைவர். நாற்காலியில் அமர்வதற்கு முன்பே தாளை நீட்டினார்.

"ஐயா, இத கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க."

அது தமிழில்தான் இருந்தது. இருந்தாலும் அவர் கேட்டதில் தவறில்லை. அதன் பொருள் இவ்வளவே: ஊரின் வரைபடத்தில் பள்ளக்கொல்லை விவசாயப் பகுதி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே கடை எழுப்ப முடியாது. வணிகப் பகுதி என்று மாற்றிவிட்டால் எழுப்பலாம். மாற்றுவதை மறுப்பவர்கள் குறித்த நாள்களுக்குள் விழுப்புரம் நகரமைப்பு அலுவலகத்துக்குக் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

ஏகாம்பரம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப நாம எழுதினா நின்னுடுமா?"

"எழுதுவதைப் பொறுத்தது" என்றேன்.

பிரம்மதேசத்துப் பேருந்து

என்னிடம் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மயிலத்தில் புலவர் வகுப்புப் படித்துத் தமிழாசிரியர் பணியில் சேர்ந்த புதிதில், பிரம்மதேசத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மாலையில் திண்டிவனம் வருவதற்குப் பேருந்து கிடையாது. ஊரார் கேட்டுக்கொள்ள, நான் ஒரு மனு எழுதினேன். ஊரே கையெழுத்திட்டது. அடுத்த சில மாதங்களில் பேருந்து வந்தது. முதல் நாள் அதற்கு மாலையிட்டார்கள். எனக்கும் ஒன்று இட்டார்கள்.

மனுவைப் பெற்ற அதிகாரி அதை இருமுறை வாசித்தாராம். இப்படி ஒரு தமிழை மனுவில் பார்த்ததில்லை என்றாராம். கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அன்று முதல் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கல்லறைத் தோட்டத்துப் பாதைக்கும் நான்தான் எழுதினேன். ஊருக்கு ஒரு குறையென்றால், எல்லாரும் கூடி ஒரே மனுவை ஐயாவிடம் எழுதி வாங்குவது வழக்கமாயிற்று.

அந்தப் பேருந்துத் தடம் என் மனுவுக்கு முன்பே முடிவாகியிருந்தது என்பதைப் பணிமனையில் வேலை பார்த்த ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு பேச்சுவாக்கில் சொன்னார். நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன். எவரிடமும் அதைச் சொன்னதில்லை.

புளி மூட்டைகளின் நடுவே

ஏகாம்பரத்தின் கிடங்கு மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கூடினோம். புளி மூட்டைகளும் மிளகாய் மூட்டைகளும் சுவரோரம் அடுக்கியிருந்தன. மின்விசிறி சுழலும்போதெல்லாம் யாராவது ஒருவர் தும்மினார். சிறு மளிகைக்காரர்கள், காய்கறி விற்பவர்கள், பாத்திரக்கடைக்காரர் என முப்பது நாற்பது பேர் இருப்பார்கள்.

அவரவரும் தமக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதியிருந்தார். ஒருவர் தாளின் நடுவில் 'நாசமாகப் போவோம்' என்று மட்டும் எழுதிக் கீழே நான்கு கோடு இழுத்திருந்தார். பாத்திரக்கடைக்காரர் எழுதியிருந்த வசவுகளை இங்கே எடுத்தெழுத இயலாது.

"இத அப்டியே குடுத்தா ஆபீசுல சிரிப்பாங்க" என்றார் ஏகாம்பரம். "ஐயா எல்லாத்தையும் வாங்கிக்கினு ஒண்ணா, அழகா எழுதிடுவாரு. நாம கீழ கையெழுத்துப் போட்டா போதும்."

"என் பாயின்ட்ட வுட்டுடாதீங்க ஐயா" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"உன் பாயின்ட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான்யா போவும்."

சிரிப்பு அடங்குவதற்குள் லூர்துமேரி எழுந்து வந்து ஒரு தாளைக் கொடுத்தார். பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த பாதித் தாள். நீல மையில் நான்கு வரி. எங்கள் தெருவின் தாழ்ந்த முனையில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி வைத்திருப்பவர் அவர். முட்டை, மாவு, அரிசி, சோப்பு விற்பார். கணவர் சூசை கொத்தனார்.

வாசித்தேன். அதில் வணிகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழைத்தண்ணீர் அந்த நிலத்துக்குத்தான் போகிறது. அதை மேடாக்கினால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வரும் என்று எழுதியிருந்தார்.

"ஏம்மா, நாம கடை வரக்கூடாதுன்னு எழுதுறோம். நீ தண்ணியப் பத்தி எழுதியிருக்கியே?" என்றேன்.

"கடை வந்தா வரட்டும் ஐயா. வெல கொறைவா குடுத்தான்னா நானே போயி வாங்குவேன். எனக்குத் தண்ணிதான் பயம்."

அறை முழுவதும் கூச்சல் எழுந்தது.

"பாரு, செங்கல்லே வைக்கல, அதுக்குள்ள பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டா!"

"யம்மா, உன் வூட்டுத் தண்ணிக்கு முனிசிபாலிட்டில போயி சொல்லு. இங்க இருக்கறவன் பொழப்பே போவுது" என்றார் ஏகாம்பரம்.

"தண்ணி எங்க வூட்டோட நிக்கும்னு யாருண்ணா உங்களுக்குச் சொன்னாங்க?" என்று லூர்துமேரி திருப்பிக் கேட்டார். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "நான் பார்த்துக்கிறேம்மா" என்றேன்.

மூன்று நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். பெருவணிகம் சிறுவணிகத்தை விழுங்குவது பற்றியும், ஓர் ஊரின் கடைத்தெரு என்பது வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று என்பது பற்றியும் எழுதினேன். ஒரு வாக்கியத்தில் ஏரும் துலாக்கோலும் வந்தன. அதை மட்டும் ஐந்து முறை திருத்தினேன். லூர்துமேரியின் நான்கு வரிகள் அந்த ஓட்டத்தில் எங்கும் பொருந்தவில்லை. கட்டுரையின் நடுவில் ஒரு வீட்டு வாசலையும் சாக்கடையையும் எங்கே வைப்பது என்று கொஞ்சம் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

கையெழுத்து வாங்கும்போது லூர்துமேரி கேட்டார்: "என்னுது சேத்துட்டீங்களா ஐயா?"

"எல்லாம் இதுல அடக்கம்" என்றேன்.

அவர் வாசித்துப் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, தம் பெயரை முழுமையாக எழுதினார்.

ஒரே ஒரு வரி

விழுப்புரத்தில் அந்த அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. மனுவைக் கொடுத்துச் சில நாள் கழித்து, அதன் கதியை அறிந்துவர நானும் ஏகாம்பரமும் போனோம். ஒவ்வொருவராக வரச் சொன்னதால் அவர் வெளியே நின்றார். நான் மட்டும் உள்ளே போனேன். அறிவிக்கையில் குறித்த கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இந்த நான்கு நாளை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் கோப்புக்குப் பொறுப்பான பெண் அதிகாரி நடுவயதினர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நீங்கதான் எழுதினீங்களா சார்? ரொம்ப நல்லா இருக்கு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"ஆனா ஒரு சிக்கல். இத்தனை பேர் கையெழுத்து இருந்தாலும் மனு ஒண்ணுதானே? ஒரு ஆட்சேபணைன்னுதான் ஏறும். அதுகூடப் பரவாயில்ல. போட்டி வந்தா வியாபாரம் படுத்துடும்னு சொல்றீங்க. அது நிலத்தைப் பத்தின காரணம் இல்லையே சார். நான் என்ன குறிப்பு எழுதுறது?"

"வேறு எது காரணமாகும்?"

"நிலம் எப்படி இருக்கு, ரோடு தாங்குமா, தண்ணி எந்தப் பக்கம் போவுது. அப்படி ஒரே ஒரு வரி, யாராவது ஒருத்தர் எழுதியிருந்தா போதும். நான் அதைக் கேள்வியாப் போட்டு நேர்ல பாக்கறதுக்கு அனுப்புவேன். கட்டுறவங்களும் தண்ணிக்கு வழி விட்டுத்தான் கட்டணும்னு ஒரு நிபந்தனையாவது விழும். இதுல அப்படி எதுவுமே இல்ல."

என் துணிப்பை மடியில் இருந்தது. அதற்குள் என் மனுவின் படி இருந்தது. அதற்கும் அடியில் அந்தப் பாதித் தாள் இருந்தது. கையை நுழைத்தால் எடுத்துவிடலாம். கையை நுழைக்கவும் செய்தேன். தாளின் கிழிந்த ஓரம் விரலில் பட்டது.

நான் அதை எடுக்கவில்லை.

அதன் காரணத்தைப் பல ஆண்டு பழகிய சொற்களால் பூசி மெழுகிவிட எனக்குத் தெரியும். அதனால் நேராகச் சொல்கிறேன். எல்லாரும் படித்துப் பாராட்டிய என் மூன்று பக்கத்துக்கு மேல், கோடு போட்ட அந்தக் கிழிசல் தாளை வைக்க எனக்குக் கூசியது. என் மறுப்புரை பயனற்றது, முட்டை விற்கும் பெண் எழுதியதே பயனுடையது என்று அந்த மேசையில் ஒப்புக்கொள்ளக் கூசியது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

"இன்னா சொன்னாங்க ஐயா?" என்றார் ஏகாம்பரம்.

"ரொம்ப நல்லா இருக்குன்னாங்க. பார்க்கிறதாச் சொன்னாங்க."

"நான்தான் சொன்னேனே, உங்க எழுத்துக்கு மரியாத இருக்கும்னு."

திரும்பும் பேருந்தில் எனக்குப் பனமலை நினைவுக்கு வந்தது. பல்லாண்டுக்கு முன் மாணவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். மலைமேல் நின்று பல்லவர் பணியைப் பற்றி நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கூட ஏறி வந்த பேருந்து ஓட்டுநர் ஏரிப் பக்கம் திரும்பி நின்று, "இங்கேர்ந்து பாத்தா தண்ணி எங்க நிக்குது, எங்க போவுதுன்னு சுத்தமாத் தெரியுது சார்" என்றார். குறுக்கே பேசுகிறாரே என்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் கல்லைப் பற்றித் தொடர்ந்தேன்.

நான்கு நாளும் கழிந்தன. ஐந்தாம் நாள் கழிவுத்தாள் வாங்குபவர் வந்தார். பழைய நாளிதழ்களோடு பையில் இருந்தவற்றையும் எடைக்குப் போட்டேன்.

குளிர்ந்த காற்று

பள்ளக்கொல்லை வணிகப் பகுதியாயிற்று. பாரவண்டிகள் இரண்டு மாதம் செம்மண் கொட்டின. நிலம் சாலைமட்டத்துக்கு வந்தது. பிறகு சாலையைவிட உயர்ந்தது. சுற்றிலும் மதில் எழுந்தது. சாலைக்கு அடியில் உள்ள பாலத்தின் மறுவாய் அந்த மதிலில் போய் முட்டியது.

மதிலின் வேலைக்குப் போனவர்களில் சூசையும் ஒருவர். தெருவில் சிலர் அதைக் குத்திக் காட்டினார்கள். லூர்துமேரி விடவில்லை: "கூலிக்குப் போனாரு. நீ குடுத்தியா வேல? குடுத்திருந்தா உன் வூட்டு மதில கட்டியிருப்பாரு."

கடை திறந்த அன்று வண்ணக் காகிதங்கள் பறந்தன. உள்ளே மலைவாசத்தலம்போல் குளிர்ந்தது. பருப்பு வகைகள் கண்ணாடிபோன்ற பைகளில் மினுமினுத்தன. அறத்தின் பெயரால் மூன்று பக்கம் எழுதிய நானும் இரண்டாம் வாரமே உள்ளே போனேன். எண்ணெய் விலை குறைவாக இருந்தது. வாங்கினேன். அங்கே ஏகாம்பரத்தைக் கண்டேன். அவர் வாங்க வந்தவர் அல்லர். புளி மூட்டைகள் இருந்த அந்தக் கிடங்கை அவர் அந்தக் கடைக்கே வாடகைக்குக் கொடுத்திருந்தார்.

"காலத்துக்கு ஏத்த மாதிரி போவணும் ஐயா" என்றார். நானும் ஆமென்றேன். இப்போது நினைத்தால், அந்தக் காலத்தில் நான் எல்லாவற்றுக்கும் ஆமென்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அந்தக் கார்த்திகை வந்தது. மூன்று தெருவின் நீரும் பாலத்துக்குள் நுழைந்து, மதிலில் மோதி, வந்த வழியே திரும்பியது. முதலில் புகுந்த வீடு லூர்துமேரியுடையது.

ஈர அரிசி

வெள்ளம் வடிந்த பிறகு லூர்துமேரி புதிய கடையின் மேலாளரிடம் போனார். மதிலின் அடியில் ஒரு துளை போட்டால் போதும், நீர் பழைய வாய்க்காலுக்குப் போய்விடும் என்றார். மேலாளர் மரியாதையாகவே பேசினாராம். "அப்ரூவல் எல்லாம் சுத்தமா இருக்குதும்மா. தண்ணியப் பத்தி அப்ப ஒருத்தர்கூட எழுதல. இப்ப வந்து சுவத்த இடின்னா எப்படி?" நகராட்சியிலும் அதையே சொன்னார்கள்.

"நான் எழுதினேனே" என்று லூர்துமேரி ஒவ்வோரிடத்திலும் சொன்னார். எழுதினால் கோப்பில் இருக்குமே என்று ஒவ்வோரிடத்திலும் கேட்டார்கள். அவரைப் பொய்க்காரியாக்கினார்கள். அதுவும் என் காதுக்கு வந்தது.

ஒரு பிற்பகலில் போனேன். தெருவோரத்தில் சாக்கை விரித்து, நனைந்த அரிசியைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். புளித்த வாடை வீசியது. கோழிக்குத்தான் ஆகும் என்றார். நான் நின்றபடியே சொன்னேன்.

"லூர்தம்மா, நீ எழுதிக் குடுத்த தாள நான் மனுவுல சேர்க்கல."

கை நின்றது. "சேக்கலியா?"

"இல்ல."

"தனியாவாவது குடுத்தீங்களா?"

"குடுக்கல. பையில இருந்துது. அந்த அம்மா கேட்டாங்க. அப்பவும் குடுக்கல."

அவர் மறுபடியும் அரிசியைக் கிளறத் தொடங்கினார். கட்டிகளை விரலால் உதிர்த்தார். பிறகு கேட்டார்:

"அந்த ஆபீசரம்மாவுக்குப் புள்ளைங்க இருக்குதா ஐயா?"

"தெரியாதும்மா. ஏன்?"

"தெனமும் சாபம் வுட்டுக்கினு இருக்கேன். ஜெபம் பண்ற வாயால சாபம் வுட்டேன். என் வூட்ட அழிச்சியே, உன் வூடு இப்டி ஆவணும்னு." முந்தானையால் கையைத் துடைத்தார். "அந்தம்மா படிக்கவே இல்லியா. பாவம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாங்க. வர்றீங்க. நான் எழுதினது நெசம், நீங்க குடுக்காதது நெசம். அத வந்து சொல்லுங்க. அடுத்த மழைக்குள்ள அந்த மதில்ல ஓட்ட போட்டாவணும். இன்னொரு தபா தண்ணி பூந்தா எனக்குக் கடையும் இல்ல, வூடும் இல்ல."

"வர்றேன். மனுவ நான்..."

"நீங்க எழுத வேணாம்."

மனு நாள்

விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலக வாயிலில் பெண் காவலர் ஒருவர் எல்லாருடைய பைகளையும் திறந்து பார்த்தார். மனம் வெறுத்து மண்ணெண்ணெய் கொண்டுவருபவர்கள் இருப்பதால் அப்படி ஒரு சோதனை. லூர்துமேரியின் குப்பியைத் திறந்து முகர்ந்தார்.

"தண்ணிதாம்மா" என்றார் லூர்துமேரி. "அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். வெற்றிலை போட்ட ஒருவரின் முன் லூர்துமேரி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொல்லச் சொல்ல அந்த ஆள் எழுதினார். நிலம், பாலம், மதில், வீடு. ஒன்றும் விடவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவரு யாரு?"

"என் தாள எடுத்தவரு" என்றார் லூர்துமேரி.

நான் சொன்னேன்: "எழுதிக்கொள்ளுங்கள். இவர் உரிய காலத்தில் தந்த மறுப்பை நான் நீக்கினேன். அதிகாரி கேட்டபோது கையில் வைத்துக்கொண்டே கொடுக்கவில்லை."

அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "அப்டியெல்லாம் எழுதக் கூடாது பெரியவரே. நாளைக்கு யாராவது உங்க மேலயே கேஸ் போடுவான். நான் எழுதறேன் பாருங்க." எழுதினார்: 'மேற்படி ஆட்சேபணையானது தவறுதலாக விடுபட்டுவிட்டது.'

"தவறுதலாக அன்று. விடுபடவும் இல்லை. நீக்கினேன் என்று எழுதுங்கள்."

"ஐயா, கோச்சிக்காதீங்க. உங்களுக்கு மனு எழுதத் தெரியல. எத்தன வருசமா இங்க குந்திக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

டோக்கன் கொடுப்பதை நிறுத்தப்போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் தாளுக்குக் கை நீட்டினேன். லூர்துமேரி அதை முன்னமே எடுத்துவிட்டார்.

"ஜல்தி வாங்க ஐயா. உங்க வார்த்தைக்கு நிக்க நேரம் இல்ல."

உள்ளே ஒருவர் மனுவை வாங்கிக் கணினியில் ஏற்றினார். நான் வாயால் சொல்லத் தொடங்கினேன். "அதான் மனுவுல இருக்கே சார். அடுத்தவங்க வாங்க" என்றார். முத்திரை விழுந்தது. எண் எழுதிய சீட்டு கிடைத்தது.

அவ்வளவுதான். அரசின் ஏட்டில் அது தவறுதலாக விடுபட்டது. எவர் மீதும் குற்றமில்லை. அங்கே எழுத விடாததை இங்கே எழுதுகிறேன். விடுபடவில்லை. நான் நீக்கினேன்.

சில வாரம் கழித்து லூர்துமேரியின் கைப்பேசிக்கு ஒரு வரி வந்தது. தண்ணீர் குறித்து உரிய காலத்தில் ஆட்சேபணை பெறப்படாததால் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது என்று.

ஆடி கழிந்துவிட்டது. மாலையில் மேற்கே இடி கேட்கிறது. மதிலில் துளை இல்லை.

நேற்று முட்டை வாங்கப் போனேன். சூசை வேலை முடித்துச் சாந்துக் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். கடை வாசலின் குறுக்கே, நிலைக்கு நிலை, முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பியிருந்தார். சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. வாங்க வருபவர்கள் இனிமேல் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு முன்னால் வந்த பெண் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். நானும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன்.

உள்ளிருந்து லூர்துமேரி சொன்னார்:

"நீங்க உள்ள வர வேணாம் ஐயா. அங்கியே நில்லுங்க. இன்னா வேணும், சொல்லுங்க."